10 − 3(2க − 1): எதை முதலில் செய்வது?

சிப்புட் அம்மா (சுங்கை சிப்புட், பேராக்)

வணக்கம். மகன் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து இப்போது படிவம் ஒன்றில் இருக்கிறான். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தனித்தனியாகக் கொடுத்தால் தவறே வராது. எல்லாம் ஒரே வரியில் கலந்து, எழுத்தும் அடைப்புக்குறியும் சேர்ந்து வந்தால் விடை எங்கோ போய்விடுகிறது. இந்த வாரப் பயிற்சியில் தவறிய ஆறு கணக்கை அவன் எழுதிய விடையோடு அப்படியே போடுகிறேன். புத்தகத்தில் எக்ஸ் இருக்கும் இடத்தில் ‘க’ என்று எழுதியிருக்கிறேன்.

1) 24 ÷ 4 × 3. அவன் விடை 2
2) 15 − 6 + 4. அவன் விடை 5
3) 10 − 3(2க − 1), சுருக்குக. அவன் விடை 14க − 7
4) க = −3 என்றால் க² − 2க எவ்வளவு? அவன் விடை −15
5) 5 + 2க = 17. அவன் 7க = 17 என்று எழுதிவிட்டு நிறுத்திவிட்டான்
6) க = 1 என்றால் 2(க + 3)² எவ்வளவு? அவன் விடை 64

சரியான விடை புத்தகத்தின் பின்னால் இருக்கிறது. எனக்கு வேண்டியது, ஒவ்வொன்றிலும் அவன் எந்த இடத்தில் வழி தவறினான், அதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதுதான்.


கரும்பலகை

அம்மா, அவன் விடையையும் சேர்த்துப் போட்டது மிக நல்லது. தவறான விடையிலிருந்துதான் பிள்ளை என்ன நினைத்தான் என்று தெரியும். ஆறு கணக்கும் மூன்று காரணத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

முதலில் 3, 5, 6. இவை மூன்றிலும் எது எதோடு ஒட்டியிருக்கிறது என்று பார்க்காமல், இடப்பக்கத்தில் கண்ணில் பட்ட இரண்டு எண்களைச் சேர்த்துவிட்டான். இதற்கு ஒரு பழக்கம் போதும். கணக்கைத் தொடும் முன் பென்சிலால், அடைப்புக்குறிக்கு வெளியே இருக்கும் ஒவ்வொரு + குறிக்கும் − குறிக்கும் முன்னால் ஒரு செங்குத்துக் கோடு போடச் சொல்லுங்கள்.

10 | − 3(2க − 1)

கோட்டுக்கு இரண்டு பக்கமும் இருப்பவை உறுப்புகள். மலாய்ப் புத்தகத்தில் செபுத்தான் என்று வருவது இதுதான். குறி அதன் வலப்பக்கத்து உறுப்பைச் சேர்ந்தது. 3 என்ற எண் அடைப்புக்குறியோடு ஒட்டியிருக்கிறது. 3-க்கும் அடைப்புக்குறிக்கும் நடுவில் எழுதப்படாத ஒரு பெருக்கல் குறி இருக்கிறது. 10 கோட்டுக்கு அந்தப் பக்கம். கோட்டைத் தாண்டி 10-லிருந்து 3-ஐக் கழிக்க முடியாது. அவன் 10 − 3 = 7 என்று முதலில் கழித்துவிட்டு 7(2க − 1) என்று விரித்திருக்கிறான். சரியான வழி:

10 − 3(2க − 1)
= 10 − 6க + 3
= 13 − 6க

நடுவரியில் +3 வருவதைக் கவனியுங்கள். பெருக்குவது 3 அல்ல, −3. (−3) × (2க) = −6க, (−3) × (−1) = +3. இந்தக் கணக்கில் அடுத்ததாக அதிகம் வரும் தவறு 7 − 6க. முதல் உறுப்புக்கு மட்டும் குறியைக் கொடுத்துவிட்டு இரண்டாவதற்கு மறந்துவிடுவார்கள். அடைப்புக்குறிக்கு வெளியே இருக்கும் எண்ணிலிருந்து உள்ளே இருக்கும் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வளைவு அம்பு போடச் சொல்லுங்கள். இரண்டு உறுப்பு என்றால் இரண்டு அம்பு.

விடை சரியா என்று அவனே பார்க்க, க-வுக்கு ஏதாவது ஓர் எண்ணைப் போட்டு முதல் வரியையும் கடைசி வரியையும் ஒப்பிடலாம். ஆனால் எந்த எண் என்பது முக்கியம். க = 1 போட்டால் மூலக் கணக்கு 10 − 3(1) = 7. அவன் எழுதிய 14க − 7 என்பதும் 7! தவறான விடையே சரி என்று காட்டிவிடும். காரணம், க = 1 ஆகும்போது அடைப்புக்குறிக்குள் 1 வந்துவிடுகிறது; 10 − 3 × 1, 7 × 1 இரண்டும் ஒன்றுதான். க = 2 போட்டால் மூலம் 10 − 3(3) = 1, அவன் விடை 21, சரியான விடை 13 − 12 = 1. ஆகவே சோதிக்க 0, 1 இரண்டையும் விட்டுவிட்டு 2, 3, 5 போன்ற எண்களை எடுக்கப் பழக்குங்கள்.

ஆறாவது கணக்கில் அடுக்கு. அடுக்கு தன் காலடியில் இருப்பதை மட்டும்தான் பிடிக்கும். 2(க + 3)² என்பதில் ² நிற்பது அடைப்புக்குறியின் மேல். வெளியே இருக்கும் 2 அதற்குள் இல்லை. எனவே (1 + 3)² = 16, பிறகு 2 × 16 = 32. அவன் 2 × 4 = 8 என்று முதலில் பெருக்கி 8² = 64 எடுத்திருக்கிறான். இதே இடத்தில் 3க², (3க)² இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். க = 2 என்றால் முதலாவது 3 × 4 = 12, இரண்டாவது 6² = 36.

நான்காவது தனி வகை. எழுத்தை எடுத்துவிட்டு எதிர்மறை எண்ணை அந்த இடத்தில் அப்படியே வைத்ததால் வந்தது. −3² என்று எழுதினால், ² பிடிப்பது 3-ஐ மட்டும், விடை −9. நமக்கு வேண்டியது (−3)². எழுத்தை எடுக்கும்போது அந்த இடத்தில் முதலில் காலி அடைப்புக்குறியைப் போட்டு, பிறகுதான் எண்ணை உள்ளே எழுத வேண்டும்:

க² − 2க
= ( )² − 2( )
= (−3)² − 2(−3)
= 9 + 6
= 15

இரண்டாவது வரி வீண் வேலை போலத் தெரியும். அதை விடாமல் எழுத வையுங்கள். அந்த ஒரு வரியில் இரண்டு குறித் தவறும் நின்றுவிடும்.

1, 2 பற்றித் தனியாக எழுதுகிறேன், அது நீளும்.


தாமான் கணக்கு

இவ்வளவு எதற்கு? பாட்மாஸ் மனப்பாடம் செய்தால் போதும். அடைப்புக்குறி, அடுக்கு, வகுத்தல், பெருக்கல், கூட்டல், கழித்தல். இந்த வரிசை மாறாமல் செய்தால் எல்லாம் சரியாக வரும். எங்கள் காலத்தில் இப்படித்தான் படித்தோம்.


கரும்பலகை

ஐயா, அந்தப் பையனின் இரண்டாவது கணக்கில் தவறு வந்ததே அந்த வரிசையைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றியதால்தான். 15 − 6 + 4. பாட்மாஸில் கூட்டல் முதலில், கழித்தல் பிறகு. அதனால் 6 + 4 = 10, 15 − 10 = 5. அவன் விதியை மீறவில்லை, கற்றபடியே செய்தான். சரியான விடை 13.

ஆறு எழுத்து இருந்தாலும் படிகள் நான்குதான். அடைப்புக்குறி ஒரு படி. அடுக்கு ஒரு படி. பெருக்கலும் வகுத்தலும் சேர்ந்து ஒரே படி, இடமிருந்து வலம். கூட்டலும் கழித்தலும் சேர்ந்து ஒரே படி, இடமிருந்து வலம். அமெரிக்காவில் இதையே பெம்டாஸ் என்று, பெருக்கலை முன்னால் வைத்துச் சொல்கிறார்கள். இரண்டு சொல்லும் ஒரே கணக்குக்கு ஒரே விடை தர வேண்டும் என்றால், அந்த இரண்டும் சமமான படியில் இருந்தால்தான் முடியும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வகுத்தலை எப்போதும் முதலில் செய்தால் விடை கெடுவதில்லை. 8 × 6 ÷ 4 என்பதில் 6 ÷ 4 = 1.5 முதலில் செய்தாலும் 8 × 1.5 = 12; இடமிருந்து போனாலும் 48 ÷ 4 = 12. கழித்தலை முதலில் செய்வதும் அப்படியே. கெடுப்பவை இரண்டு: கழித்தலுக்குப் பின்னால் வரும் கூட்டலை முந்திச் செய்வது, வகுத்தலுக்குப் பின்னால் வரும் பெருக்கலை முந்திச் செய்வது. முதலாவது அவனுடைய 2, இரண்டாவது அவனுடைய 1. 24 ÷ 4 × 3-இல் 4 × 3 = 12 முந்திக்கொண்டதால் 24 ÷ 12 = 2. சரியானது 6 × 3 = 18. அவன் விடை வர வேண்டுமென்றால் கணக்கு 24 ÷ (4 × 3) என்று இருந்திருக்க வேண்டும்.

பிள்ளைக்கு இதைச் சொல்ல எளிய வழி, மறுபடியும் அந்தக் கோடுதான்:

15 | − 6 | + 4

எடுத்துக்கொள்வது 6 மட்டும். 4 வந்து சேர்கிறது. மூன்று உறுப்பையும் எந்த வரிசையில் மாற்றி எழுதினாலும், குறி உறுப்போடு கூடவே போனால், விடை 13-தான்: 4 + 15 − 6, −6 + 4 + 15. இதை ஒருமுறை அவனே செய்து பார்த்துவிட்டால் ‘கூட்டல் முதலில்’ என்ற எண்ணம் தானாகப் போய்விடும்.


பழைய கிராணி (கோலசிலாங்கூர்)

டீச்சர் எப்படிச் செய்வது என்று சொல்லிவிட்டார். பெருக்கல் ஏன் கூட்டலுக்கு முந்துகிறது என்பதையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள் மா. காரணம் தெரியாத விதி ஒரு மாதத்தில் மறந்துவிடும்.

கடையில் 2 வெள்ளிக்கு ஒரு தேங்காய், 4 வெள்ளி வீதம் 3 பொட்டலம் மீகூன். மொத்தம் 2 + 3 × 4. இதை இடமிருந்து போனால் 2 + 3 = 5, 5 × 4 = 20. ஆனால் அந்த 5 என்ன? 2 என்பது வெள்ளி, 3 என்பது பொட்டலம். வெள்ளியையும் பொட்டலத்தையும் கூட்டி வரும் 5-க்குப் பெயரே இல்லை. பெருக்கல் முடிந்து 12 வெள்ளி ஆன பிறகுதான் 2 வெள்ளியோடு அது சேர முடியும். 14 வெள்ளி. அவனுடைய ஐந்தாவது கணக்கிலும் இதேதான்: 5 + 2க என்பதில் 5 தனியாக நிற்கும் எண், 2க என்பது இரண்டு ‘க’. இரண்டையும் சேர்த்து ஏழு ‘க’ என்று சொல்ல முடியாது.

அடைப்புக்குறி எதற்கு என்பதைச் செம்பனை லாரியை வைத்துக் காட்டலாம். லாரி குலையோடு 9,600 கிலோ. வெறும் லாரி 4,200 கிலோ. ஒரு குலை சராசரி 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எத்தனை குலை?

(9600 − 4200) ÷ 18 = 5400 ÷ 18 = 300

அடைப்புக்குறியை விட்டுவிட்டு 9600 − 4200 ÷ 18 என்று எழுதினால் லாரியின் இரும்பைக் குலையாக்கி வகுத்து, அதை மொத்த எடையிலிருந்து கழிக்கிறோம். 9,366 சொச்சம் வரும். ஒரு லாரியில் ஒன்பதாயிரம் குலை ஏறாது என்று தோட்டத்துப் பிள்ளைக்குச் சொல்லாமலே தெரியும். விடை நடக்கக்கூடியதா என்று பார்க்கும் பழக்கத்தை இங்கேயே தொடங்குங்கள்.

எழுத்தோடும் ஒன்று. டன்னுக்கு 45 வெள்ளி, இரண்டு பேர் சேர்ந்து ‘ட’ டன் வெட்டுகிறார்கள், வருகைப் படி 100 வெள்ளி, பிடித்தம் 60 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 12 டன் வெட்டினால்:

(45ட + 100 − 60) ÷ 2 = 580 ÷ 2 = 290
45ட ÷ 2 + 100 − 60 = 270 + 40 = 310

முதலாவதில் எல்லாவற்றையும் சேர்த்து இருவரும் பங்கிடுகிறார்கள். இரண்டாவதில் டன் கூலியை மட்டும் பங்கிட்டு, படியும் பிடித்தமும் ஆளுக்கு முழுசாகப் போகிறது. எண்கள் ஒன்றே, அடைப்புக்குறி மட்டும்தான் மாறுகிறது. ஆளுக்கு 20 வெள்ளி வித்தியாசம். வாசகக் கணக்கைக் கோவையாக மாற்றும்போது ‘சேர்த்து’, ‘மொத்தத்தில்’, ‘மீதியை’ என்ற சொற்கள் வந்தால் அங்கே அடைப்புக்குறி தேவைப்படுமா என்று நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

கால்குலேட்டர் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டில் விடை சரிபார்ப்பது அதில்தான். கடையில் வைத்திருக்கும் சாதாரணக் கால்குலேட்டரில் 2 + 3 × 4 அழுத்தினால் பெரும்பாலும் 20 காட்டும். அது ஒவ்வொரு பொத்தானுக்கும் உடனே கணக்குப் போட்டுவிடுகிறது. கணினியில் விண்டோஸ் கால்குலேட்டரும் சாதாரண முறையில் 20, அறிவியல் முறையில் 14. அறிவியல் கால்குலேட்டரில் −3 அழுத்தி ² போட்டால் பெரும்பாலும் −9 வரும், அது சரியே. (−3)² வேண்டுமென்றால் அடைப்புக்குறியையும் அழுத்த வேண்டும். எக்செல் இதற்கு நேர்மாறு: கட்டத்தில் =−3^2 என்று தட்டினால் 9 தரும்; =0−3^2 என்று தட்டினால் −9. அங்கே முன்னால் நிற்கும் எதிர்மறைக் குறி அடுக்கையும் முந்திவிடுகிறது. பள்ளிக் கணக்கின் மரபு அது அல்ல. எந்தக் கருவியாக இருந்தாலும் அடைப்புக்குறி போட்டுத் தட்டினால் இந்தக் குழப்பம் இல்லை.


தாமான் கணக்கு

டீச்சர் சொன்னது சரி, 15 − 6 + 4-ஐப் பார்த்த பிறகு ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் வாட்சாப்பில் சுற்றும் 6 ÷ 2(1 + 2)-க்கு விடை 9-ஆ, 1-ஆ?


கரும்பலகை

இடமிருந்து வலம் என்று போனால் 3 × 3 = 9. ஒட்டி எழுதிய 2(1 + 2)-ஐ ஒரே துண்டாக எடுத்தால் 6 ÷ 6 = 1. கருவிகளே ஒத்துப்போவதில்லை: கேசியோ எஃப்.எக்ஸ். 570 இ.எக்ஸ். தானாகவே அடைப்புக்குறி சேர்த்து 6 ÷ (2(1 + 2)) என்று மாற்றி 1 காட்டும். கூகுள் தேடலில் தட்டினால் 9. குற்றம் கணக்கை எழுதிய விதத்தில் இருக்கிறது. படிவம் ஒன்றுப் பிள்ளை அதில் நேரம் செலவிட வேண்டாம். வகுத்தலைப் பின்னமாக, மேலே ஒன்று கீழே ஒன்று என்று எழுதினால் அந்தக் கேள்வியே எழாது.


சிப்புட் அம்மா

எல்லாருக்கும் நன்றி. கோடு போட்டுச் செய்ததில் 3-ம் 6-ம் உடனே சரியாக வந்துவிட்டன. இப்போது இன்னும் மூன்று சந்தேகம். ஒன்று, 13 − 6க என்று சரியாக எழுதிவிட்டு, அதன் கீழே = 0 போட்டு க-வைக் கண்டுபிடிக்கப் போகிறான். இரண்டு, சமன்பாட்டில் எதை முதலில் நீக்குவது? அடைப்புக்குறி, அடுக்கு என்ற அதே வரிசையா? (க − 4)/3 + 5 = 11 என்ற கணக்கில் எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. மூன்று, வழிமுறையை 5 + 7 = 12 × 3 = 36 − 6 = 30 என்று ஒரே ஓட்டமாக எழுதுகிறான். விடை சரிதான், ஆனால் மதிப்பெண் குறைத்திருக்கிறார்கள்.


டியூஷன் அண்ணன் (கூலிம்)

அக்கா, முதல் சந்தேகம் பெரும்பாலும் மொழியால் வருவது. கேள்வியின் முதல் சொல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். பெர்மூடாக்கான் என்றால் சுருக்கு. கெம்பாங்கான் என்றால் விரி. இந்த இரண்டிலும் கொடுத்திருப்பது உங்காப்பான், அதாவது கோவை, சமக்குறி இல்லை, 13 − 6க என்று வந்தவுடன் வேலை முடிந்தது. செலெசைக்கான் என்றால் தீர். அங்கே பெர்சாமாஆன், அதாவது சமன்பாடு இருக்கும், க-வுக்கு எண் கிடைக்கும்வரை போக வேண்டும். கேள்வியில் இல்லாத சமக்குறியை நாமாகக் கொண்டுவரக் கூடாது. கணக்கைத் தொடும் முன் அந்தச் சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போடும் பழக்கம் போதும்.

மூன்றாவதையும் சொல்லிவிடுகிறேன். சமக்குறி ‘விடை இதோ’ என்று சொல்லும் அடையாளம் அல்ல. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே மதிப்பு என்று உறுதி சொல்வது. 1557-இல் ராபர்ட் ரெக்கார்ட் அந்த இரண்டு கோட்டை முதன்முதலில் அச்சில் கொண்டுவந்தபோது சொன்ன காரணமே, ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானவை வேறில்லை என்பதுதான். மகன் எழுதிய வரியை அப்படியே படித்தால் 5 + 7-உம் 36 − 6-உம் சமம் என்று ஆகிறது. 12-உம் 30-உம் சமம் ஆகுமா? ஆகவே மதிப்பெண் குறைத்தது நியாயமே. முழுக் கோவையையும் முதலில் எழுத வேண்டும்:

(5 + 7) × 3 − 6
= 12 × 3 − 6
= 36 − 6
= 30

ஒரு வரிக்கு ஒரு வேலை. அந்த வரியில் செய்யப்போகும் பகுதியின் கீழே கோடு. மீதி அப்படியே கீழே இறங்க வேண்டும். மீதியைக் கொண்டுவர மறப்பதுதான் நீளமான கணக்குகளில் அதிகம் நடப்பது. 4 + 2 × [9 − (5 − 2)² ÷ 3] போன்ற ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். ஆறு வேலை, அதனால் ஆறு வரி இறங்கி 16-இல் முடிய வேண்டும்.

இப்போது சமன்பாடு. இங்கே வரிசை தலைகீழாக வேண்டும். டிபன் கேரியரில் சோறு அடியில், குழம்பு அதன்மேல், கூட்டு மேல்தட்டில். அடுக்கும்போது சோறு முதலில். பிரிக்கும்போது கூட்டு முதலில். க-வை வைத்துக்கொண்டு என்னென்ன செய்தார்கள் என்று முதலில் வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். (க − 4)/3 + 5 என்பதில்: 4 கழித்தார்கள், 3-ஆல் வகுத்தார்கள், 5 கூட்டினார்கள். பிரிப்பது கடைசியிலிருந்து:

(க − 4)/3 + 5 = 11
(க − 4)/3 = 6 … இருபக்கமும் 5 கழி
க − 4 = 18 … இருபக்கமும் 3-ஆல் பெருக்கு
க = 22 … இருபக்கமும் 4 கூட்டு

சோதனை: (22 − 4)/3 + 5 = 6 + 5 = 11. பின்னக்கோடு ஒரு மறைந்த அடைப்புக்குறி. அதன் மேலே இருப்பது முழுவதும் ஒரே துண்டு. சிலர் முதலிலேயே 3-ஆல் பெருக்குவார்கள். அதுவும் செல்லும்; ஆனால் 5-ஐயும் பெருக்க வேண்டும்: க − 4 + 15 = 33. க − 4 + 5 = 33 என்று எழுதுவதுதான் அங்கே வழக்கமாக விழும் குழி.

‘அந்தப் பக்கம் போனால் குறி மாறும்’ என்று சொல்லிக்கொடுப்பதை நான் விரும்புவதில்லை. 20 − 4க = 8 என்பதில் அந்த விதியை வைத்துக்கொண்டு 4க = 8 − 20 என்று எழுதி −3-இல் போய் நிற்பார்கள். 20 போனது, 4க-வுக்கு முன்னால் இருந்த எதிர்மறைக் குறி எங்கே? யாரும் கவனிக்கவில்லை. இருபக்கமும் 20 கழித்தால் −4க = −12, பிறகு −4-ஆல் வகுத்தால் க = 3. எழுதுவது ஒரு வரி கூடும், ஆனால் என்ன செய்தோம் என்பது தாளில் இருக்கும். கி.பி. 820 வாக்கில் பாக்தாத்தில் அல்-குவாரிஸ்மி சமன்பாடுகளைத் தீர்த்த முறையும் இருபக்கமும் ஒரே வேலையைச் செய்வதுதான். கழிக்கப்பட்டதைத் திருப்பிச் சேர்ப்பதற்கு அவர் சொன்ன அல்-ஜபர் என்ற அரபுச் சொல்லிலிருந்துதான் அல்ஜீப்ரா வந்தது.

இரண்டு பக்கமும் க இருந்தால், சிறிய கெழு (க-வுக்கு முன்னால் இருக்கும் எண்) உள்ளதை முதலில் நீக்குங்கள். 7க − 5 = 3க + 11 என்பதில் 3க-வைக் கழித்தால் 4க − 5 = 11, பிறகு 4க = 16, க = 4. போட்டுப் பார்த்தால் இரண்டு பக்கமும் 23.


கரும்பலகை

அண்ணன் சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். 3(2க − 1) = 21 போன்ற கணக்கில் முதலில் 3-ஆல் வகுப்பது எளிது: 2க − 1 = 7, க = 4. ஆனால் அதையே பார்த்துவிட்டு 10 − 3(2க − 1) = 1 என்பதிலும் உடனே 3-ஆல் வகுக்கப் போவார்கள். மேல்தட்டில் இருப்பது 10. அதை முதலில் எடுத்தால் −3(2க − 1) = −9, பிறகு 2க − 1 = 3, க = 2.

அம்மா, வார இறுதிக்குள் செய்ய ஆறு கணக்கு. ஒரே உட்காரலில் வேண்டாம், ஒரு நாளைக்கு இரண்டு. சரியான விடையோடு, வேறு விடை வந்தால் எங்கே பார்க்க வேண்டும் என்பதையும் எழுதியிருக்கிறேன்.

1) 18 − 12 ÷ 3 × 2. விடை 10. அவனுக்கு 16 வந்தால் பெருக்கல் வகுத்தலை முந்தியிருக்கிறது. 4 வந்தால் உறுப்புக்கோடு போடாமல் இடமிருந்து நேராகப் போயிருக்கிறான்.

2) 7 − (2 − 5)². விடை −2. 16 வந்தால் வெளியே இருக்கும் கழித்தல் குறியையும் அடுக்குக்குள் இழுத்துவிட்டான்.

3) 4(க − 2) − 3(க − 5), சுருக்குக. விடை க + 7. க − 23 வந்தால் இரண்டாவது அம்பில் −3-க்குப் பதில் 3 பெருக்கியிருக்கிறான்.

4) க = −2 என்றால் 3க² − 5க + 1. விடை 23. −1 வந்தால் காலி அடைப்புக்குறி வரியை விட்டுவிட்டான். 47 வந்தால் 3-ஐயும் சேர்த்து இருபடி எடுத்திருக்கிறான்.

5) 9 − 2(க + 1) = 3. விடை 2. 7(க + 1) என்று எங்காவது தெரிந்தால் பழைய மூன்றாவது கணக்கின் தவறு இன்னும் போகவில்லை. சமன்பாட்டை ஒரு வாரம் தள்ளிவைத்து உறுப்புக்கோட்டுக்கே திரும்புங்கள்.

6) (2க + 1)/5 − 3 = 0. விடை 7. 1 வந்தால் 5-ஆல் பெருக்கும்போது 3-ஐ விட்டுவிட்டான். அந்த 1-ஐ அவனையே மூலக் கணக்கில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 3/5 − 3 பூச்சியம் ஆகாது என்று அவனே கண்டுபிடிப்பான்.